ஒரே வரியில் நின்றாலும் ஓப்சைட்தான்

அவன் என் சைக்கிளின் முன் பாரில் உட்கார்ந்துதான் அந்த வகுப்புக்கு வந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்முனைப் பக்கத்தில் உதைபந்தாட்ட மத்தியஸ்தர்களுக்கு விதிகளைப் படிப்பித்தது யார் என்று இன்றைக்கு எந்தப் பழைய ஆளிடம் கேட்டாலும் அவனைத்தான் சொல்வார்கள். அவனுக்குப் படிப்பித்தவன் நான். மருதமுனையிலிருந்து கல்முனைக்கு அவனையும் வைத்து மிதித்தவனும் நான்.

அவன் என் சகலன், என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இருவருமே சாய்ந்தமருதில் பிறந்து மருதமுனையில் பெண் எடுத்தவர்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். அதனால் இருவருக்கும் ஒரே வளவு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவன் வீடு, இரண்டையும் பார்த்தபடி மாமியின் குசினி. இருவரும் வாத்தியார்கள். நான் மேல் வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். அவன் அரிவரியில் மூக்கு வடியும் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா எழுதக் கை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வயதில் இளையவன். அவன் என்னைக் காக்கா என்பான், நான் அவனைத் தம்பி என்பேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எங்களை ஒற்றுமையான சகலன்மார் என்று சொல்வார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த நாள் சாய்ந்தமருதும் மருதமுனையும் பந்தடிப்பார்கள். கச்சான் காற்று புழுதியை வாரிக் கொட்டும் காலம். மேட்ச் ஒழுங்காக முடிந்ததாக எனக்கு நினைவில்லை. யாராவது ஒருவர் விசில் ஊதுவார், அது பிழை என்று ஒரு பக்கம் கயிற்றைத் தாண்டி உள்ளே வரும், அதோடு பந்தையும் காணாது, மத்தியஸ்தரையும் காணாது. ஒரு வருடம் கோல் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, விதி தெரிந்த ஆட்களை நாங்களே உண்டாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். இங்கிலீசில் இருந்த விதிப் புத்தகத்தை வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடியவன் என்று என்னைத் தேடி வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு கல்முனைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வகுப்பு. வருகிற பெருநாள் மேட்சுக்கு அந்த வகுப்பிலிருந்துதான் ஒருவர் விசில் ஊதுவார், அவரை இரண்டு கப்டன்மாரும் சேர்ந்து தெரிவு செய்வார்கள் என்பது ஏற்பாடு.

எனக்கு அந்த விசில் வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பிறந்தது ஒரு ஊர், பெண் எடுத்தது மற்ற ஊர். ஒரு பக்கம் உம்மா வீடு, மறு பக்கம் மாமி வீடு. இதைவிட நடுநிலையான ஆளை எங்கே போய்ப் பிடிப்பார்கள்? விதியும் எனக்கு மனப்பாடம். விசில் என் வாய்க்கு வந்துவிட்டது என்றே இருந்தேன். அதே உம்மா வீடும் அதே மாமி வீடும் அவனுக்கும் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்புக்கு நெசவு செய்பவர்கள், நெல் வியாபாரிகள், கரைவலை இழுப்பவர்கள் என்று பல பேர் வந்தார்கள். கோணர் அடி, கையால் தொடுவது, பெனால்டி எல்லாம் ஒருவாறு போயிற்று. ஓப்சைட்டில்தான் வண்டி குடை சாய்ந்தது. நான் கரும்பலகையில் படம் போட்டு, தெளிவாகத்தான் சொன்னேன். தன் ஆள் பந்தை அடித்துத் தருகிற நேரத்தில், எதிரணியின் கோலுக்கும் உனக்கும் இடையில் எதிரணிக்காரர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் கோல் காப்பவர், மற்றவர் கடைசித் தடுப்பாள். அந்தத் தடுப்பாளுக்கு முன்னால் போய் நின்றாலும் ஓப்சைட், அவரோடு ஒரே வரியில் நின்றாலும் ஓப்சைட்தான். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

கரைவலைக்காரர் ஒருவர் இருந்தார். கருத்த, பெரிய உடம்பு. அவர் எழும்பி நின்று, "பந்து எனக்கிட்ட வரக்குள்ள ஆள் முன்னுக்கு நிண்டான், நான் அடிக்கக்குள்ள பின்னுக்கு வந்திட்டான். அப்ப என்ன சேர்?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் எழும்பி அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் எழும்புவதைக் கண்டதும் என் கையிலிருந்த வெண்கட்டி முறிந்தது.

"மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா இரிக்கி?" என்றேன்.

அவர் அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கடைசி வாங்கில் இருந்த என் சகலன் மெல்ல எழும்பி, "காக்கா, குறை நினைக்காதீங்க. நான் ஒருக்காச் சொல்லிப் பாக்கட்டா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை காய்ந்திருந்தது. சொல்லட்டும் என்று தண்ணீர் குடிக்கப் போனேன். அந்தத் தண்ணீரை நான் குடிக்கப் போயிருக்கக் கூடாது.

திரும்பி வந்து பார்த்தால், அவன் எல்லோரையும் வாங்கிலிருந்து எழுப்பி மண்டபத்தின் நடுவில் வரிசையாக நிறுத்தியிருந்தான், தொழுகைக்கு நிற்பது போல. மேற்குப் பக்கச் சுவர்தான் கோல். ஒரு நெசவுக்காரரை முன்னால் தனியாக நிறுத்தி, "இவர்தான் இமாம். கோல் காக்கிற ஆள விடுங்க, அவர் சுவரோட நிக்கார். கடைசித் தடுப்பாள் எண்டா அது இந்த இமாம்தான்" என்றான். பிறகு கரைவலைக்காரரைப் பார்த்துக் கேட்டான்.

"இமாமுக்கு முன்னால போய் நிண்டு தொழுதா தொழுகை கூடுமா காக்கா?"

"அதெப்படிக் கூடும்? கூடாது."

"அவ்வளவுதான். அதுதான் ஓப்சைட். தொழுகை தொடங்கித் தக்பீர் கட்டக்குள்ள எங்க நிண்டீங்க எண்டதுதான் கணக்கு. பந்த அடிக்கிற நேரம்தான் தக்பீர்."

கரைவலைக்காரர் சிரித்தார். மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றேன். விளங்கிவிட்டது, எல்லோருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

எரிச்சலுக்காக மட்டும் நான் மறுத்துப் பேசவில்லை. அந்த உதாரணத்தில் பிழை இருந்தது. "தம்பி, ஒரே வரியில நிண்டாலும் ஓப்சைட்தான், அதச் சொல்லல்ல" என்றேன். "ஓம் காக்கா, அதையும் சொல்லுவம்" என்றான். அதற்குள் ஒரு நெல் வியாபாரி, "ரெண்டு பேர் மட்டும் தொழுதா இமாமுக்குப் பக்கத்துலதானே நிக்கிற? அது கூடும்தானே?" என்று தொடங்கிவிட்டார். தோளோடு தோள் ஒட்டி நிற்பதுதான் சஃப்பு வரிசைக்கு அழகு என்று மற்றொருவர் சொன்னார். பிறந்த நாளிலிருந்து பள்ளிவாசலில் வரிசை கட்டி நின்ற ஆட்களிடம், வரிசையில் சமனாக நிற்பது குற்றம் என்று எப்படி ஏற்றுவது? ஏறவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. போகப் போக அவனே தன் உதாரணத்தை நம்பத் தொடங்கிவிட்டான்.

அன்றிலிருந்து வகுப்பு இரண்டாயிற்று. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பேன், அவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு மாமரத்தடியில் அவனைச் சுற்றி இருந்து அதையே அவனிடம் கேட்பார்கள். ஒரே கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும் அவன் முதல் ஆளுக்குச் சொன்ன அதே சொற்களில், அதே குரலில் சொல்வான். கேட்டவர் விளங்கவில்லை என்றால், "அது என்ட பிழை, நான் சொன்ன விதம் சரியில்ல" என்பான். இப்படிச் சொல்ல ஒரு வாத்தியாருக்கு எப்படி நா வருகிறது? விதிகளைவிட அதிகமாக அவன் குரலைப் பற்றித்தான் கதைத்தான். "விசில் ஏற்கனவே கத்திட்டு. மறுகா நீங்களும் கத்தத் தேவல்ல" என்பான். "ஆள் கோவத்தோட ஓடி வந்தா நீங்க ஓடாதீங்க, நில்லுங்க. முதல்ல அவர் சொல்லி முடிக்கட்டும். தீர்ப்ப மாத்தத் தேவல்ல. கேட்டாப் போதும்." விதிப் புத்தகத்தில் இதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நான் தேடிப் பார்த்தவன். இல்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. வகுப்பைப் பற்றி மாமிக்கு யார் சொன்னார்களோ தெரியாது, கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "சின்ன மருமகன் வளவுக்குள்ள வந்தா கோழி கூட எழும்பாது. பெரியவர் செருமினாலே முட்டையும் விட்டுட்டு ஓடும்" என்று என் மனைவியிடம் சொன்னார். என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அவனுடைய அரிவரி வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். என்ன வித்தை வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான். ஒரு பிள்ளை "ழ"வைத் தலைகீழாக எழுதி அழித்து, மறுபடியும் தலைகீழாக எழுதியது. அவன் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். ஒரு வித்தையும் இல்லை, குந்தியிருந்தான். இது என்ன பெரிய காரியம் என்று என் வகுப்புக்குப் போய், அன்று முழுவதும் அவனைப் போலவே குரலைத் தாழ்த்திப் பின்னம் படிப்பித்தேன். முதல் வாங்குப் பையன் எழும்பி, "சேர், உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டான். வெளியே போய் முழங்காலில் நில் என்றேன்.

பெருநாளுக்கு முந்தைய மாதம் பயிற்சி மேட்ச் ஒன்று வைத்தார்கள், நான் ஊதினேன். இரண்டாம் பாதியில் மருதமுனை ஆள் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டினான். பட்டப் பகலில் எல்லோருக்கும் தெரியத் தட்டினான். பெனால்டி கொடுத்தேன். கொடுத்தது சரி. அதை யாரும் இன்றுவரை மறுத்ததில்லை. தட்டினவன் மட்டும் இல்லை என்று தலையாட்டினான். "பொய் சொல்லாத, கண்ணில்லாதவன் எண்டு நினைச்சியா என்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் பலமாகக் கேட்டிருப்பேன். கயிற்றுக்கு வெளியே அவனுடைய வாப்பா நின்றிருந்தார், கையில் குடை. அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குள் ஓடி, தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து வுளூச் செய்தேன். வுளூச் செய்பவனை யாரும் அடிக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை கைகால் கழுவிக்கொண்டே இருந்தேன்.

கப்டன்மார் இருவரும் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். சாய்ந்தமருதுக் கப்டன் என் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உங்களுக்கு விதி நல்லாத் தெரியும் சேர், அதில கதையில்ல. ஆனா விசில சின்ன சேர் ஊதட்டும். நீங்க லைன்ல கொடி பிடிச்சா எங்களுக்குத் தைரியம்."

"அவனுக்கு விதி முழுசாத் தெரியாது" என்றேன்.

"அவர் ஊதினா சனம் உள்ளுக்கு வராது சேர்" என்றான் மருதமுனைக் கப்டன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் வழக்கம் போல் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய தொப்பி என் மூக்குக்கு நேரே இருந்தது. "காக்கா, உங்களுக்கு மனசுக்குச் சரியில்ல எண்டா நான் வேணாம் எண்டு சொல்லிருவன்" என்றான். அதைச் சொன்ன விதத்தில் ஒரு பொய்யும் இல்லை. அவன் நடித்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கென்ன, நீ ஊது" என்று சொல்லிப் பெடலை மிதித்தேன்.

பெருநாள் மேட்சுக்குப் புதுச் சாரமும் தொப்பியுமாக இரண்டு ஊரும் வந்து நின்றன. அவன் நடுவில் விசிலோடு, நான் கோட்டோரத்தில் சிவப்புக் கொடியோடு. முடிவதற்குக் கொஞ்ச நேரம் வரை கோல் விழவில்லை. பிறகு சாய்ந்தமருது ஆள் ஒருவன் நீட்டி அடித்தான். அந்த நேரம் அவர்களுடைய முன்கள ஆள் என் கண்ணுக்கு நேரே நின்றான். கடைசித் தடுப்பாளும் அவனும் ஒரே வரி. ஒரு நூல் முன்னால் இல்லை, ஒரு நூல் பின்னால் இல்லை. சஃப்பில் நிற்பது போலவே நின்றார்கள். பந்து வந்தது, திரும்பினான், கோல்.

நான் கொடியைத் தூக்கினேன். தூக்கியது தூக்கியபடி நின்றேன். மருதமுனைச் சனம் என் கொடியைக் கண்டு இரைந்தது. அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவசரமில்லாமல் என்னிடம் வந்தான்.

"காக்கா, என்ன கண்டீங்க?"

"சமனா நிண்டான். ஓப்சைட்."

"முன்னுக்குப் போகல்லத்தானே?"

"சமனா நிண்டாலும் ஓப்சைட்தான். நான் உனக்குப் படிப்பிச்சதா இல்லையா?"

"ஓம் காக்கா, நீங்கதான் படிப்பிச்சீங்க." அவன் என் தோளில் கை வைத்தான். "நான் பாத்த மட்டில அவன் வரிசைக்குள்ள நிண்டான். நான் கோல் குடுக்கப் போறன். கொடிய இறக்குங்க காக்கா, சனம் பாக்குது."

நான் இறக்கினேன்.

இத்தனை வருடமாக என்னை அரிப்பது இந்த இடம்தான். விதி என் பக்கம், கண் என் பக்கம், கொடி என் கையில். அவன் சொன்னது சுத்தப் பிழை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் என் கை தானாக இறங்கியது. கரைவலைக்காரரை மயக்கிய அதே குரல் என்னையும் அரிவரிப் பிள்ளை ஆக்கிவிட்டது.

மருதமுனைக் கப்டன் ஓடி வந்தான். என் சகலன் ஓடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "சொல்லுங்க தம்பி, நான் கேக்கன்" என்றான். கப்டன் சொன்னான், மூச்சு வாங்கச் சொன்னான், சொல்லச் சொல்ல அவனுடைய சத்தம் குறைந்தது. கடைசியில் சகலன், "நான் கண்டது இது. பிழை எண்டா நாளைக்கி வீட்ட வந்து ஏசுங்க, மாமி வட்டிலப்பம் அவிச்சிரிக்கா. இப்ப விளையாடுவம்" என்றான். கயிற்றுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. குடைக்காரரும் முன்வரிசையில் நின்றார், குடையை ஊன்றியபடி நின்றார். அந்த ஒரு கோலால் மருதமுனை தோற்றது. தோற்ற கப்டன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பயிற்சி மேட்சில் சரியான தீர்ப்புக் கொடுத்த நான் பள்ளித் தொட்டியடியில் ஒளிந்திருந்தேன். பிழையான தீர்ப்புக் கொடுத்தவனுக்கு அடுத்த நாள் என் மாமியின் கையால் வட்டிலப்பம். நியாயம் எங்கே போயிற்று என்று நான் யாரிடம் கேட்பது?

அடுத்த வருடத்திலிருந்து வகுப்பையும் அவனே எடுத்தான். கரைவலைக்காரர் நல்ல மத்தியஸ்தராகிப் பல ஊர்களில் ஊதினார் என்று கேள்வி. சமனாக நின்றவனுக்கு அவரும் கோல் கொடுத்துத்தான் இருப்பார்.

முடி நரைத்து, பென்சன் எடுத்து, பேரப்பிள்ளைகளும் வந்த பிறகு ஒரு காலை பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். உலகத்துப் பெரிய தலைகள் கூடிச் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். கடைசித் தடுப்பாளோடு ஒரே வரியில் நின்றால் இனிமேல் ஓப்சைட் இல்லையாம். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். மாமி அவன் பக்கம் போனார், ஊரும் போயிற்று, மிச்சமிருந்தது விதி ஒன்றுதான். அதுவும் அவன் பக்கம் போய்விட்டது.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி அவன் வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பெருநாள் மேட்சில நீ குடுத்த கோல்" என்று தொடங்கினேன்.

"எந்தக் கோல் காக்கா?"

அவனுக்கு நினைவில்லை. நான் கொடி தூக்கியது, அவன் என் தோளில் கை வைத்தது, எதுவும் நினைவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் அடித்தது, யார் எங்கே நின்றது, அப்போது சட்டம் என்ன, இப்போது சட்டம் என்ன என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் ஒரு சொல்லுக்கும் குறுக்கே வரவில்லை. நான் முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப மாத்தினது இப்பதானே காக்கா. அண்டைக்கிச் சட்டம் நீங்க சொன்னதுதான். அப்ப நீங்கதான் சரி, நான் பிழையா ஊதியிரிக்கன். எனக்கு மாப்புத் தாங்க" என்றான்.

வாழ்நாளெல்லாம் நான் கேட்கக் காத்திருந்த சொல். அதையும் அவன்தான், அந்தக் குரலில்தான் தர வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"சுகமில்லாத மனிசனோட என்னத்துக்கு இப்பிடிச் சத்தம் போடுறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "காக்கா சத்தம் போடல்ல மச்சி. எனக்கு விதி சொல்லித் தாறார்" என்றான்.

நான் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.